அழைத்து வந்தவரின் சீட்டு

1987ஆம் வருஷம் மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவனாக நான் சேர்ந்தபோது, செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, இரு பக்கமும் உளிச் சத்தம் கேட்கும் தெருவில் நடந்து வந்து, கடையின் பலகைகளை எடுத்து வைப்பதற்கு முன்பே, வாசலில் என்னை எதிர்பார்த்து இரண்டு மூன்று டாக்ஸிக்காரர்களாவது நின்றுகொண்டிருப்பார்கள். முதல் நாள் தாங்கள் அழைத்து வந்த பிரயாணிகள் எதை வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள், அதில் தங்களுக்குச் சேரவேண்டிய கமிஷன் எவ்வளவு என்று விசாரித்துப் போக வந்தவர்கள் அவர்கள். அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்க வருகிறவர்களுக்கு எந்தக் கடையில் நந்தி நன்றாக வாய்த்திருக்கிறது என்பது எப்படித் தெரியும்? யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். சொல்கிறவருக்கு ஒரு பங்கு கொடுப்பது இந்தக் கடற்கரையில் யாரும் வெட்கப்படாத, ஆனால் யாரும் எழுதி வைக்காத சம்பிரதாயமாக இருந்தது.

எழுதி வைக்காதது என்று சொன்னேன். கடையின் தரப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது உண்மைதான். யார் எப்போது யாரை அழைத்து வந்தார் என்று அதில் நான் எழுதுவேன். ஆனால் அந்த நோட்டு முதலாளியின் மேஜைக்குள் இருந்தது. அழைத்து வந்தவரின் கையில் ஒன்றும் இல்லை. கொடுக்கவேண்டியவர் கணக்கு வைத்துக்கொள்ள, வாங்கவேண்டியவர் அந்தக் கணக்கை நம்பி வாசலில் நிற்கவேண்டியிருந்த இந்த ஏற்பாட்டில் எவ்வளவு அநீதிக்கு இடம் இருக்கிறது என்பதை 1991ஆம் வருஷத்து மார்கழி மாதத்தில் நான் நேரில் கண்டேன்.

திருக்கழுக்குன்றத்து டாக்ஸிக்காரர் ஒருவர் வெளிநாட்டுத் தம்பதியரை அழைத்து வந்தார். அவர்கள் ஒரு விநாயகரை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தாங்களாகவே நடந்து வந்து, அதே விநாயகரை விலை பேசி, மரப்பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்பச் சொல்லிப் பணமும் கட்டிவிட்டார்கள். பெட்டி அடித்த தச்சர் வாயிலாகச் செய்தி தெரிந்து டாக்ஸிக்காரர் வந்து கேட்டபோது, அவர்கள் தனியாக வந்தவர்கள், உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, நீயே சொல்லு. அன்னிக்கு நான்தான இட்டாந்தேன்?” என்றார். எனக்குத் தெரியும், என் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. சம்பளத்தை நினைத்து நான் வாய் திறக்கவில்லை. அவர் சற்று நேரம் நின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின் நான் இந்தத் தொழிலில் செய்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும், அழைத்து வந்தவருடைய கையில் அவருக்கான சாட்சியம் இருக்கவேண்டும் என்ற ஒரே பிடிவாதம் இருந்திருக்கிறதென்றால், அது அந்தக் காலைப் பொழுதில் பிறந்தது.

சில வருஷங்களில் வேறொரு கடைக்கு மாறினேன். அங்கே முதல் வேலையாக அடிக்கட்டையுள்ள சீட்டுப் புத்தகம் ஒன்று அச்சிட்டேன். வரிசை எண், தேதி, வந்தவர்கள் எத்தனை பேர் என்ற விவரங்களை எழுதி, கடையின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, என் சுருக்கொப்பமும் போட்டு, பாதியைக் கிழித்து அழைத்து வந்தவரிடம் கொடுத்துவிடுவேன். பத்து நாள் வரையில் அந்தப் பிரயாணி எப்போது திரும்பி வந்து வாங்கினாலும் சீட்டுக்குப் பணம் உண்டு. டிரைவர்களும் கைடுகளும் இதைப் பெரிதும் விரும்பினார்கள். ஆனால் ஒரு வருஷம் முடிவதற்குள், நான் கொடுக்காத சீட்டுகள் என்னிடம் திரும்பி வர ஆரம்பித்தன. செங்கற்பட்டில் ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. என் சுருக்கொப்பமோ பள்ளிப் பிள்ளை இரண்டு முறை பார்த்தால் போட்டுவிடக் கூடியது. அதைவிட நுட்பமான மோசடி ஒன்றும் நடந்தது. சீசன் நாட்களில் அவசரத்துக்கென்று நான் முன்கூட்டியே ஸ்டாம்பு குத்தி, சுருக்கொப்பமும் போட்டு வைத்திருந்த வெற்றுச் சீட்டுகளில் சில காணாமற்போய், தங்களுக்கு வேண்டிய தேதியோடும் எண்ணிக்கையோடும் பூர்த்தியாகித் திரும்பி வந்தன. ஸ்டாம்பு உண்மையானது, கையொப்பமும் என்னுடையது, எழுதியிருந்த விஷயம்தான் பொய். முத்திரை என்பது தனக்கு மேலே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறியாது என்ற பாடத்தை அப்போது கற்றேன். பிற்காலத்தில் கணினியின் கையொப்பத்தை எனக்கு ஒருவர் விளக்கியபோது, ஒரே நிமிஷத்தில் அதன் பெருமை எனக்கு விளங்கியதற்கு இந்த வெற்றுச் சீட்டுகளே காரணம்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். இந்த ஊரைக் குடைந்து கோயிலாக்கிய பல்லவர்கள் தானம் கொடுத்த செப்பேடுகளைப் பார்த்தால், ஏடுகளை எல்லாம் ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேருமிடத்தில் ரிஷப முத்திரையைப் பதித்திருப்பார்கள். ஏட்டை உருவவேண்டுமானால் வளையத்தை வெட்டவேண்டும். இங்கிருந்து வெகு தூரமில்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சபைக்கு ஆள் எடுத்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடத்துக்குள் கை விடும் சிறுவன் முதற்கொண்டு, ஓலையை ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்பது வரை அதில் சொல்லியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாதபடி ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்று நினைத்தவர்கள் எவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதை அந்தக் கல்வெட்டின் முன் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு அந்த சீசன் சீசனாக இல்லை. கடல் வந்து போன மாதங்களில் கடைத் தெருவில் ஈ பறந்தது. கடற்கரையோரத் தங்கும் விடுதி ஒன்று, இணையத்தின் வழியாக ஆட்களை வரவழைக்க ஒருவர் வேண்டுமென்று தேடியபோது, கணக்கு எழுதத் தெரிந்தவன், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற தகுதியில் அங்கே போனேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ற பெயர் அப்போது எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் இல்லை.

அங்கே நான் கண்டது பழைய டாக்ஸிக்காரரின் விவகாரமே வேறு உடையில். 1996இல் அமேசான் தொடங்கிப் பரப்பிய முறைப்படி, ஒருவர் தம்முடைய வலைத்தளத்தில் விடுதியின் லிங்கைப் போடுவார். அதை அழுத்தி வருகிறவருடைய கணினியில் குக்கீ என்ற சிறு குறிப்பு பதியும். இத்தனை நாளுக்குள் அறை பதிவானால் லிங்க் போட்டவருக்குக் கமிஷன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குக்கீயைப் பதிப்பதும் வாசிப்பதும் பணம் கொடுக்க வேண்டிய தரப்பு. அழைத்து வந்தவருக்கு மாத முடிவில் ஒரு தொகை தெரியும், அவ்வளவே. முதலாளியின் மேஜைக்குள் இருந்த நோட்டு இப்போது சர்வருக்குள் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் இப்படியென்றால் இந்தப் பக்கத்தில், பிரயாணி அறியாமலே அவருடைய கணினியில் குக்கீகளைத் திணித்துவிட்டு, அவர் தாமாக வந்து வாங்கியதற்கெல்லாம் கமிஷன் வசூலிக்கும் கூட்டம் கிளம்பிற்று. ஈபே நிறுவனம் 2008இல் இதற்காக அமெரிக்காவில் வழக்கே தொடர்ந்தது. எங்களைப் போன்ற சிறு விடுதிகளைத் தாக்கியது கூப்பன் கோடு. யோகா சொல்லித்தரும் ஓர் அம்மையாருக்கென்று ஒரு கோடு கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் அது கூப்பன்களைத் திரட்டிப் போடும் தளங்களில் ஏறிவிட்டது. பணம் கட்டும் பக்கத்தில் நிற்கும் பிரயாணி, கூப்பன் ஏதாவது கிடைக்குமா என்று தேடி அதை எடுத்துப் போட்டுக்கொள்வார். எப்படியும் வரப்போகிறவருக்குத் தள்ளுபடியும், அழைக்காதவருக்குக் கமிஷனும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒத்தவாடைத் தெருவில் விடிகாலையில் மூட்டையோடு வந்திறங்கும் பிரயாணியை எங்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிற ஆட்டோக்காரருக்கோ லிங்க்கும் இல்லை, கோடும் இல்லை. வலைத்தளம் இல்லாதவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாமற்போன அந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாமற்போனதும், அதே வருஷம் வந்திருந்த யூபிஐ பரவத் தொடங்கியதும், மறு வருஷம் கூகுள் நிறுவனம் ‘தேஸ்’ என்ற பெயரில் தன் பணப்பரிமாற்றச் செயலியைக் கொண்டுவந்து, ஒருவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் 51 ரூபாய் என்று கொடுத்ததும் எங்கள் காரியத்துக்குப் பேருதவி செய்தன. செங்கற்பட்டு பஸ் நிலையத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பழக்காரம்மாவின் போனில் அதை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ரெஃபரல் என்ற சொல் அப்போதுதான் தெருவுக்கு வந்தது. கமிஷனை மாத முடிவு வரை காத்திராமல் அன்றே ஆட்டோக்காரரின் போனுக்கு அனுப்பிவிடலாம் என்றும் ஆயிற்று. கொடுப்பது சுலபமாகிவிட்டது; யாருக்குக் கொடுப்பது என்ற பிரமாணம்தான் பாக்கி.

அந்தப் பிரமாணத்தை எனக்குக் காட்டியவர் மறைமலைநகர்ப் பக்கத்துப் பிள்ளை, மென்பொருள் எழுதுகிறவர், வயதில் என் மகனைவிடச் சிறியவர். 2018இல் ஒரு மாலைப் பொழுதில், என் பழைய ரப்பர் ஸ்டாம்புக் கதையைக் கேட்டுவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் காட்டியது இதுதான். சீட்டில் சொல்லவேண்டியதை எல்லாம் ஒரே வரியாக எழுதிக்கொள். சீட்டைக் கொடுப்பவர் யார், அழைத்து வருபவர் யார், எந்தச் சலுகை, எந்தத் தேதி வரை, வரிசை எண் என்ன என்று. அந்த வரியையும், உனக்கு மட்டும் தெரிந்த ஒரு நீண்ட இரகசியச் சாவியையும் சேர்த்து ஒரு கணிதச் செக்கில் போட்டு ஆட்டினால், எப்போதும் ஒரே நீளமுள்ள எழுத்துக் கோவை ஒன்று வெளியே வரும். அதைச் சீட்டின் வாலில் ஒட்டு. வரியில் ஒரு தேதியை, ஒரு எழுத்தை, ஒரு புள்ளியை யாராவது மாற்றினாலும் வால் பொருந்தாது. சாவி தெரியாதவர் பொருந்தும் வாலைச் செய்யவும் முடியாது. ஹெச்மாக் என்று அதற்குப் பெயர். பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் என்ற மூவர் வகுத்து, 1997இல் இணையத்தின் பொது ஏட்டில் ஏறிய முறை. தனக்கு மேலே எழுதியிருப்பதை அறிந்த முத்திரை! நான் அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மூன்று சிலைக் கடைகளும் இரண்டு விடுதிகளும் கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்பிக்கும் ஓரிடமும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பினால் பங்கு கொடுத்துக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று. டிரைவர்களுக்கும் கைடுகளுக்கும் அவரவர் போனில், அந்த வாலையே கையொப்பமாகக் கொண்ட சீட்டு, டோக்கன் என்ற பெயரில் க்யூஆர் கோடாக வரும். பிரயாணி அதைத் தம் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால், எங்கே தங்கினாலும் எதை வாங்கினாலும் அழைத்து வந்தவரின் பெயர் கூடவே போகும். முதல் ஆறு மாதத்தில் நாங்கள் செய்த தவறுகளைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் இன்றும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள்.

டோக்கன் பார்வைக்குக் கலங்கிய எழுத்துக் குவியலாக இருப்பதால் அது இரகசியம் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். டிரைவர்களின் போன் எண்ணை அப்படியே அதற்குள் போட்டிருந்தோம். கையொப்பம் மாற்றத்தைத் தடுக்குமே ஒழியப் பார்வையைத் தடுக்காது. அந்த எழுத்துக் குவியலை யாரும் ஒரு நொடியில் விரித்து வாசித்துவிடலாம். ஒரு பிரயாணி அப்படி வாசித்து, இரவு பதினோரு மணிக்கு டிரைவரைக் கூப்பிட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எண்களை எல்லாம் எடுத்துவிட்டு, எங்கள் கணக்கில் மட்டும் பொருள் தெரியும் குறியீடுகளைப் போட்டோம். அடுத்தது, ஒரே டோக்கனை வாட்ஸப் குழுவில் போட்டு நாற்பது பேர் காட்டியது. கையொப்பம் நாற்பது முறையும் செல்லும். அதற்கு எண்ணத் தெரியாது. ஒவ்வொரு டோக்கனுக்கும் தனி வரிசை எண் கொடுத்து, பணம் கொடுத்த எண்ணை ஒரு பட்டியலில் அடித்து வைக்கும் பழைய அடிக்கட்டை வேலையைத் திரும்பவும் செய்யவேண்டியிருந்தது. காலாவதித் தேதியை மறந்த டோக்கன்கள் சில ஒரு வருஷம் கழித்தும் வந்து நின்றன. கொடுத்த வாக்கு என்பதால் பணம் கொடுத்தோம். ஜேடபிள்யூடி என்று 2015இல் தரப்படுத்தப்பட்ட டோக்கன் வடிவத்தில், எந்த முறையில் கையொப்பமிட்டது என்பதை டோக்கனே சொல்லிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அங்கே ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் சில மென்பொருள்கள் கையொப்பமே பார்க்காமல் ஏற்றுக்கொண்டன என்பது அந்த வருஷமே வெளிவந்து பெரிய பேச்சாயிற்று. நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய பழைய நிரல் தொகுப்பிலும் அந்த ஓட்டை இருந்தது. நல்ல வேளையாக எங்கள் மறைமலைநகர்ப் பிள்ளையே கண்டுபிடித்தார். வந்தவரிடமே உன்னை எப்படிச் சோதிக்கட்டும் என்று கேட்கிற காவலாளியை யார் வைத்துக்கொள்வார்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு சாவியைப் பற்றியது. ஆறு இடங்களும் டோக்கனைச் சரிபார்க்கவேண்டுமென்றால் ஆறு இடங்களிலும் இரகசியச் சாவி இருக்கவேண்டும். இரகசியச் சாவி உள்ளவர் சரிபார்ப்பதோடு டோக்கன் செய்யவும் வல்லவர். ஒரு மாத முடிவில் ஒரு சிலைக் கடை நாங்கள் இத்தனை பேரை அனுப்பினோம் என்று டோக்கன்களைக் காட்டியது. விடுதி, இவை நீங்களே பிறகு செய்துகொண்டவை என்றது. கடையோ, நீங்கள்தான் வந்தவற்றை மறைக்கிறீர்கள் என்றது. இருவர் சொல்வதும் சாத்தியம். 1991ஆம் வருஷத்து வாசலில் நான் மறுபடியும் நின்றுகொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால், இரண்டு பேருக்கும் தெரிந்த இரகசியத்தால் ஆன கையொப்பம் மூன்றாமவர் முன்னால் சாட்சி சொல்லாது.

அதற்கு விடை 1976இலேயே டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் பிறந்துவிட்டது. மறு வருஷம் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மேன் மூவரும் அதற்கு நடைமுறை உருவம் கொடுத்தார்கள். சாவி ஒன்றல்ல, ஜோடி. ஒன்றால் கையொப்பமிடலாம், அது கொடுப்பவரிடமே இருக்கும். மற்றொன்றால் சரிபார்க்க மட்டும் முடியும். அதை ஊரறியச் சுவரில் எழுதி வைத்தாலும் குற்றமில்லை. ஆறு இடங்களும் தத்தம் சாவி ஜோடியைச் செய்துகொண்டு, பொதுச் சாவியை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்தன. ஒரு கடையின் கையொப்பமுள்ள டோக்கனை அந்தக் கடையைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. வந்து சேர்ந்த டோக்கனுக்கு விடுதியும் தன் கையொப்பத்தோடு ரசீது ஒன்றைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று விதி செய்தோம். அந்த ரசீதின் ஒரு பிரதி டிரைவரின் போனுக்கும் போகும். இதற்குப் பிறகு அந்த வகைத் தகராறு ஒன்றுகூட வரவில்லை. 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு, உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும், எங்களுடையது அப்படிப்பட்டதன்று. ஆனாலும் எங்களுக்குள் அது போதுமானதாயிருந்தது.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபின் வெண்ணெய் உருண்டைக் கல்லைப் பார்க்கக் கூட்டம் கூடிற்று. சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. அந்த அடைப்புக்குப் பின் 2021இல், விடுதி வாசலில் தடுப்பூசிச் சான்றிதழின் க்யூஆர் கோடைச் சோதித்தபோது, அதற்குள் இருந்ததும் இதே பொதுச் சாவிக் கையொப்பம் என்று எங்கள் பிள்ளை காட்டினார். ஆதார் அட்டையின் க்யூஆர் கோடும் அப்படியே. நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் பையில் வைத்துக்கொண்டு நடமாடிய ஒரு வித்தையை எங்கள் ஆட்டோக்காரர்களுக்கு விளக்குவது அதன் பின் சிரமமாக இல்லை.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செஸ் ஒலிம்பியாட் இங்கே பூஞ்சேரியில் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்க்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாலை நேரங்களில் கடைத் தெருவில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. சர்வரைக் கேட்டுத்தான் சரிபார்க்கமுடியும் என்றிருந்தால் அந்தப் பதினான்கு நாளும் எங்கள் ஏற்பாடு படுத்துவிட்டிருக்கும். பொதுச் சாவி கடையின் போனிலேயே இருந்ததால், இணையம் இல்லாமலே டோக்கன் உண்மையா என்று பார்த்துக்கொண்டு, வரிசை எண்ணை அடிக்கும் வேலையை மட்டும் இரவு கடை கட்டியபின் செய்தோம். ஓரிரண்டு டோக்கன்கள் இரண்டு கடையில் காட்டப்பட்டிருந்தன. அந்த நஷ்டத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம்.

கையொப்பத்தால் தீராத ஒரு விவகாரத்தையும் சொல்லவேண்டும். ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையிலிருந்த இளைஞன், யார் சொல்லியும் வராமல் தானாக உள்ளே வந்த விருந்தினர்களுக்கெல்லாம், தன் மைத்துனனின் பெயரில் வாங்கிய டோக்கனைச் சேர்த்துக்கொண்டே வந்தான். டோக்கன்கள் அத்தனையும் சுத்தமானவை. வரிசை எண் சரி, தேதி சரி, கையொப்பம் சரி. அழைத்தல் என்ற காரியம் மட்டும் நடக்கவில்லை. டோக்கன் எடுத்த நேரத்துக்கும் அறை பதிவான நேரத்துக்கும் இடையே எப்போதும் இரண்டு நிமிஷமே இருந்ததைக் கண்டு நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒப்புக்கொண்டான். அவனுடைய சம்பளம் என்ன என்று விசாரித்தபோது, அவன் செய்தது எனக்கு விளங்கவும் செய்தது. விருந்தினர் வாசலுக்கு வருமுன் எடுத்த டோக்கனுக்கே பங்கு என்று விதியை மாற்றினோம். வரவேற்பு மேஜைக்காரர்களுக்கும் மாதப் பங்கு ஒன்று வைக்கும்படி அந்த விடுதியிடம் நான் வாதாடி வாங்கிக் கொடுத்தேன். யார் சொன்னது என்பதைக் கணிதம் காட்டும். சொன்னாரா என்பதை, மேஜைக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்க்கவேண்டியிருக்கிறது.

2023ஆம் வருஷத் தொடக்கத்தில், நாட்டிய விழாவுக்கு வந்த குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு ஒரு வண்டி வந்தது. ஓட்டியவர் இளைஞர், பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிய பெரியவரை, தலை முழுதும் நரைத்திருந்தும், நான் உடனே தெரிந்துகொண்டேன். திருக்கழுக்குன்றத்துக்காரர். அவருக்கு என்னைத் தெரியவில்லை. மகனுக்கு டோக்கன் கொடுக்கும்போது அவர் எட்டிப் பார்த்து, “இத யாருன்னா மாத்திட்டா?” என்றார். ஒரு பிரதியில் நானே ஒரு தேதியை மாற்றிக் காட்டினேன்; போன் சிவப்பாகிவிட்டது. பழையபடி வைத்தேன், பச்சை. இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். பிறகு, போன் தொலைந்துபோனால் என்ன செய்வது, காகிதத்தில் கொடுக்கமுடியுமா என்று கேட்டார். அச்சிட்டுக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து லைசென்ஸோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் வண்டியில் ஏறுவதற்குள் நான் யார் என்பதைச் சொல்லி, அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணடி விநாயகர்தான, தம்பி?” என்றார். “தும்பிக்கை வலப்பக்கம்.”